உடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்: லாச்சப்பலில் இருந்து ஒரு சிக்குன்குனியா கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு லாச்சப்பல்தான். மெட்ரோ படியில் இறங்கி போபூர் சென் தெனி தெருவுக்குள் நுழைந்தால் முருங்கைக்காய், கருவேப்பிலை, வெள்ளிக்கிழமைக்கு மிச்சமான பூ, சூடான ரோல்ஸ் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். நான் மதுரைப் பக்கத்து ஆள். பாரிஸுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. வேலை மென்பொருள். காய்கறி வாங்குவது வழக்கமாக ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் கடையில். கல்லாவில் நின்றபடியே அரசியல், கிரிக்கெட், வாடகை என்று எல்லாம் பேசுவார். அக்டோபரில் ஒரு நாள் மீதிக் காசைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நீர் படிச்ச ஆள்தானே. அம்மா தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகப் போறா. அங்க சிக்குன்குனியா திரும்பவும் வந்திட்டுது எண்டு கதைக்கினம். இஞ்ச அதுக்கு ஒரு ஊசி இருக்காம். போட்டு அனுப்புவமோ? உந்த ஊசியாலயே வயசான ஆக்கள் செத்ததெண்டும் செய்தியில கிடக்கு. வைரஸை வெட்டி, மாத்தி, அதையே ஊசியாப் போடுறாங்களாம். உது சரியான வேலையோ?"

"அம்மாவுக்கு என்ன வயசு அண்ணா?"

"எழுபத்தொண்டு."

நான் டாக்டர் இல்லை. "ஒரு வாரம் டைம் குடுங்க, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வாரம் மூன்று வாரமானது. படித்ததில் பாதி, அந்தக் கடையில் இருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்த ஆராய்ச்சி. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2006: இரண்டு வீடுகள், ஒரே காய்ச்சல்

சிக்குன்குனியா நமக்குப் புதுசு இல்லை. 1952-53-ல் இன்றைய தான்சானியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. பெயர் மக்கொண்டே மொழிச் சொல். வளைந்து போவது என்று பொருள். மூட்டு வலியில் நோயாளி குனிந்து நடப்பதைப் பார்த்து வைத்த பெயர். கேட்டால் 'சிக்கன்' ஞாபகம் வருவதால், 2006-ல் எங்கள் தெருவில் பாதிப் பேர் கோழிக்கறியை நிறுத்தினார்கள். கோழிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பரப்புவது ஏடிஸ் கொசு.

1963-ல் கல்கத்தாவில் வந்தது, 1964-ல் சென்னையிலும் வேலூரிலும் வந்தது. எழுபதுகளுக்குப் பிறகு முப்பது வருஷம் சத்தமே இல்லை. 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006-ல் மட்டும் இந்தியாவில் பதிவான சந்தேக நோயாளிகள் சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. நான் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனால், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு நடக்கிறாள். நிலவேம்புக் கசாயமும் பாராசிட்டமாலும்தான் மருந்து. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. விரல் மடக்க முடியாமல் ஏழு மாதம் கிடந்தாள். தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியாமல் அவள் அழுததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதே வருஷக் கடைசியில் காய்ச்சல் இலங்கைக்கும் போனது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார் என்று தமிழ் ஊர்களில் பலமாக அடித்தது. ஆகஸ்டில் ஏ9 பாதை மூடியாகிவிட்டது. கடை அண்ணன் பாரிஸில் ஃபோன் கார்டு சுரண்டி அம்மாவைக் கூப்பிட்டால், "எழும்ப ஏலாமல் கிடக்கிறன் ராசா" என்ற குரல் மட்டும் வருமாம். என்ன காய்ச்சல் என்று அப்போது யாரும் சோதித்துச் சொல்லவில்லை. இந்த விவரம் முக்கியம், கடைசியில் திரும்பி வருகிறேன்.

ஓர் எழுத்து மாறினால்

2005-06-ல் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனில், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. நம் தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர் வாழும் தீவு அது. அங்கே ஏடிஸ் எஜிப்டி கொசு அதிகம் இல்லை. இருந்தது அதன் தம்பி முறையான புலிக்கொசு, ஏடிஸ் ஆல்போபிக்டஸ். அப்புறம் எப்படி இவ்வளவு வேகம்?

பாரிஸின் பாஸ்தர் நிறுவனத்தார் நோயாளிகளிடம் எடுத்த வைரஸ்களின் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்து 2006-ல் வெளியிட்டார்கள். வைரஸின் வெளிச்சட்டைப் புரதம் ஒன்றில், 226-வது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் வாலின் வந்திருந்தது. ஆரம்ப மாதிரிகளில் அது இல்லை. பின்னால் வந்தவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இருந்தது. மறு வருஷமே சோதனைச்சாலையில் சரிபார்த்தார்கள்: அந்த ஒரே மாற்றத்தால் வைரஸ் புலிக்கொசுவுக்குள் பல மடங்கு எளிதாகத் தொற்றியது. 2007-ல் கேரளத்தில், ரப்பர்த் தோட்டங்களில் புலிக்கொசு நிறைந்த பகுதிகளில், அதே மாற்றம் தனியாகத் தோன்றியிருந்தது.

கவனியுங்கள். அந்த ஓர் அமினோ அமிலம் புலிக்கொசு விஷயத்தில் இவ்வளவு வேலை செய்யும் என்று அதற்கு முன் யாருக்கும் தெரியாது. அது மாறியதும்தான் தெரிந்தது. பிறழ்வு என்றாலே பயப்படப் பழகிவிட்டோம். கொரோனா காலத்தில் ஆல்பா, டெல்டா என்று கேட்டுக் கேட்டு வந்த பயம் அது. ஆனால் ஒரு வைரஸ் எப்படி வேலை செய்கிறது என்று மனிதன் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி, பிறழ்வுகள் சொல்லிக் கொடுத்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு

சென்னையில் என் முதல் வேலையில் ஒரு பழைய புரோகிராமை என் தலையில் கட்டினார்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பத்து வருஷம். ஒரு வரி விளக்கக் குறிப்பு கிடையாது. எது எதற்கு என்று தெரியவில்லை. என் சீனியர் அக்கா சொன்னார்: "டெஸ்ட் சர்வர்ல வெச்சு ஒரு வரிய எடுத்துட்டு ஓட்டுடா. எந்த ரிப்போர்ட் வரலையோ, அதுக்குத்தான் அந்த வரி." ஒரு மாதம் அப்படியே உடைத்து உடைத்துப் பார்த்தேன். மாதக் கடைசியில் முழு புரோகிராமும் எனக்கு அத்துப்படி. எழுபதுகளில் இருந்தே மென்பொருள் துறையில் 'ம்யூட்டேஷன் டெஸ்டிங்' என்று இதன் ஒரு வடிவம் இருக்கிறது. பெயரே உயிரியலில் இருந்து எடுத்தது.

சிக்குன்குனியா வைரஸும் அப்படி ஒரு புரோகிராம்தான். மொத்தம் சுமார் 11,800 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை.  அதன் முதல் மூன்றில் இரண்டு பங்கு, நான்கு புரதங்களுக்கான குறிப்பு. என்எஸ்பி 1, 2, 3, 4 என்று பெயர். இவை வைரஸின் உடம்பில் சேர்வதில்லை. நம் செல்லுக்குள் நுழைந்ததும் வைரஸின் இழையை ஆயிரக்கணக்கில் நகலெடுக்கும் ஜெராக்ஸ் கடையை நடத்துபவை இவை. மீதி ஒரு பங்கில்தான் வெளிச்சட்டைக்கான குறிப்பு.

நான்கு பேர் நடத்தும் கடையில் யார் கல்லா, யார் மெஷின், யார் பேப்பர் வெட்டுபவர் என்று வெளியில் இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொருவரையும் லீவு போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். முக்கியமான ஆளை நிரந்தரமாக எடுத்துவிட்டால் வைரஸே வளராது. வளராத வைரஸை எப்படி ஆராய்வது?

வெப்பம் ஏறினால் வேலை நிற்கும்

இதற்கு விடை சிக்குன்குனியாவின் சொந்தக்கார வைரஸான சிண்ட்பிஸில் கிடைத்தது. எகிப்தில் ஒரு கிராமத்தின் பெயர் அது. அறுபதுகளின் நடுவில் பர்ஜ், ஃபெஃபர்கோர்ன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வெப்பத்தைத் தாங்காத பிறழ்வுகளைத் தேடிப் பிடித்தார்கள். 30 டிகிரிக்குப் பக்கத்தில் இந்த வைரஸ்கள் ஒழுங்காக வளரும். 40 டிகிரிக்குப் பக்கத்தில் போனால், பிறழ்ந்த புரதம் மட்டும் குலைந்து வேலையை நிறுத்திவிடும். அதாவது, வேண்டும்போது வேலைக்கு வரச் சொல்லலாம், வேண்டும்போது லீவு போடச் சொல்லலாம். சுவிட்ச் கிடைத்துவிட்டது.

அடுத்து ஓர் அழகான தந்திரம். உங்களிடம் இரண்டு ஓட்டை சைக்கிள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓடுகிற ஒரு சைக்கிள் செய்ய முடிந்தால், இரண்டிலும் பழுது வேறு வேறு இடத்தில் என்று அர்த்தம். முடியவில்லை என்றால் இரண்டிலும் ஒரே பாகம்தான் போயிருக்கிறது. இரண்டு பிறழ்ந்த வைரஸ்களை ஒரே செல்லுக்குள் விட்டு, வெப்பத்தை ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்றின் குறையை மற்றது ஈடு கட்டினால் இரண்டும் வேறு குழு. இப்படிக் குழு பிரித்ததில், ஆர்.என்.ஏ. நகலெடுப்பதே நின்றுபோகும் வகையில் நான்கு குழுக்கள் தேறின.

பிற்பாடு மரபணு எழுத்தைப் படிக்கும் வசதி வந்ததும், எந்தக் குழுவின் பழுது எந்தப் புரதத்தில் என்று பொருத்தினார்கள். ஒரு பிறழ்வில், தொற்று நடந்துகொண்டிருக்கும்போதே பாதியில் வெப்பத்தை ஏற்றினால் நகலெடுப்பு முழுவதும் நின்றது. பழுது என்எஸ்பி 4-ல் இருந்தது. ஆக, மெஷினே அதுதான். இன்னொரு பிறழ்வில் விசித்திரம்: அசலில் இருந்து எடுக்கும் எதிர்ப்பிரதி மட்டும் நின்றது, ஏற்கெனவே இருந்த எதிர்ப்பிரதிகளை வைத்து அசலின் நகல்கள் தொடர்ந்து வந்தன. பழுது என்எஸ்பி 1-ல். அதற்குப் புது இழைகளின் தலையில் தொப்பி மாட்டும் வேலை இருப்பது தனியாகத் தெரியவந்தது. எதிர்ப்பிரதியைத் தொடங்கி வைப்பதிலும் பங்கு உண்டு என்பதை இந்தப் பிறழ்வு காட்டிக்கொடுத்தது. என்எஸ்பி 2 கத்திரிக்கோல். நான்கு புரதங்களும் ஒரே நீளச் சங்கிலியாகத்தான் பிறக்கும். அவற்றைத் தனித்தனியாக வெட்டுவது அது. அதன் வெட்டும் பல்லில் உள்ள ஒரே ஒரு சிஸ்டீனை மாற்றினால் வெட்டு நின்றுவிடும்.

என்எஸ்பி 3 மட்டும் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அதன் கதைதான் என்னை லாச்சப்பலுக்குத் திரும்பக் கூட்டி வந்தது.

இருபது நிமிட நடையில் ஒரு விடை

கடைத்தெருவில் இருந்து தெற்கே, சென் மர்த்தான் கால்வாயை நோக்கி நடந்தால் இருபது நிமிஷத்தில் சென் லூயி மருத்துவமனை. 1607-ல் நாலாம் ஹென்றி மன்னர் கொள்ளைநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே வைக்கக் கட்டச் சொன்னது. நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே வரிசையில் நின்றிருப்போம். அதன் வளாகத்தில் அலி அமாராவின் ஆய்வுக்குழு 2019-ல் ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டது.

அவர்கள் வைரஸை உடைக்கவில்லை, மனித செல்லை உடைத்தார்கள். கிறிஸ்பர் என்ற கத்தியால், ஒவ்வொரு செல்லிலும் வேறு வேறு மரபணுவை முடக்கி, எல்லாவற்றின் மேலும் சிக்குன்குனியாவை விட்டார்கள். எந்தச் செல் பிழைத்ததோ, அதில் முடக்கிய மரபணுதான் வைரஸுக்குத் தேவையானது. பட்டியலின் உச்சியில் வந்தது எஃப்எச்எல் 1 என்ற புரதம். அது நம் உடம்பில் அதிகம் இருப்பது தசையில். அதைப் போய்ப் பிடித்துக்கொள்வது புதிராக இருந்த அதே என்எஸ்பி 3-இன் வால் பகுதி. அந்தப் பிடிமானப் பகுதியை வைரஸில் இருந்து வெட்டி எடுத்தால் நகலெடுப்பு படுத்துவிட்டது.

இதில் என்னை உலுக்கியது வேறொரு விஷயம். பிறவியிலேயே எஃப்எச்எல் 1 மரபணுவில் பிறழ்வு உள்ளவர்கள் உலகத்தில் மிகச் சிலர் இருக்கிறார்கள். எமரி-டிரைஃபஸ் என்ற தசைச் சிதைவு நோய் அவர்களுக்கு. அவர்களிடம் இருந்து எடுத்த செல்களில் சிக்குன்குனியா வைரஸால் வளர முடியவில்லை. ஒரு மனிதரை முடக்கிப் போட்ட பிறழ்வு, கோடிப் பேரை முடக்கும் வைரஸின் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்தது. என் அம்மாவின் தசையும் மூட்டும் ஏன் அப்படி வலித்தன என்பதற்கு 13 வருஷம் கழித்து ஒரு நுனி கிடைத்த மாதிரி இருந்தது. அந்த நோயாளிகள் தங்கள் தோலையும் தசையையும் கொடுத்திருக்காவிட்டால் அந்த நுனி கிடைத்திருக்காது.

பாரிஸின் இன்னொரு மூலையில், பாஸ்தரில், மார்க்கோ விஞ்ஞூட்சி குழு என்எஸ்பி 4-ஐ வைத்து வேறொரு கேள்வி கேட்டது. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் நகலெடுக்கும்போது நிறையப் பிழை விடும், சராசரியாக ஒரு பிரதிக்கு ஒரு பிழை என்ற அளவில். பிழையே விடாத வைரஸ் இன்னும் பலசாலியாக இருக்குமா? பிழைகளைத் தூண்டும் மருந்துகளில் சிக்குன்குனியாவை வளர்த்துத் தப்பிப் பிழைத்ததைப் பிடித்தார்கள். என்எஸ்பி 4-இல் 483-வது இடத்தில் ஒரே மாற்றம். அது உண்மையிலேயே குறைவாகப் பிழை விட்டது. ஆனால் கொசுவுக்குள்ளும் எலிக்குள்ளும் விட்டால் சாதாரண வைரஸைவிட நோஞ்சானாக இருந்தது. 2011-ல் இது வெளிவந்தது. பிறகு அதே இடத்தை வேறு மாதிரி மாற்றி, அதிகப் பிழை விடும் வைரஸைச் செய்தார்கள். அதுவும் உயிருள்ள உடம்பில் வலுவிழந்தது. ரொம்பக் கறாராக இருந்தாலும் பிழைக்க முடியாது, ரொம்ப அலட்சியமாக இருந்தாலும் பிழைக்க முடியாது. சரியான அளவு பிழை விடுவதுகூட அந்தப் புரதத்தின் வேலைகளில் ஒன்று.

அப்படியானால் அந்த ஊசி?

இப்போது அண்ணன் கேள்விக்கு வருவோம். அந்த ஊசியின் பெயர் இக்ஸ்சிக். வால்நேவா என்ற பிரெஞ்சு-ஆஸ்திரிய நிறுவனம் செய்தது. உள்ளே இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த சிக்குன்குனியா வைரஸ். எதை வெட்டி வலுவைக் குறைத்தார்கள்? என்எஸ்பி 3-இன் பின்பகுதியில் 60 அமினோ அமிலங்களை. மூல வைரஸ் 2006 ரெயூனியோன் கொள்ளைநோயில் இருந்து வந்த ரகம். அதாவது, நகலெடுக்கும் புரதத்தை உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது அப்படியே தடுப்பூசியாகிவிட்டது. மெஷின் மெதுவாக ஓடும், வைரஸ் கொஞ்சமாக வளரும், உடம்பு அதற்குள் பாடம் படித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 4,115 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் எதிர்ப்பு சக்தி வந்தது. 2023 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது, 2024-ல் ஐரோப்பா.

2025-ல் ரெயூனியோனில் திரும்பவும் பெரிய அலை. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுதியான நோயாளிகள். ஏப்ரல் தொடக்கத்தில் முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து இந்த ஊசியைப் போட ஆரம்பித்தார்கள். நோயால் அதிகம் சாவது அவர்கள்தான் என்பதால் முன்னுரிமை. சில வாரத்தில் 80 வயதைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள், ஒரு மரணம். மாதக் கடைசிக்குள் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய மருந்து முகமை தற்காலிகத் தடை போட்டு, ஜூலையில் தளர்த்தி, நோய் அபாயம் கணிசமாக இருந்தால் மட்டும் யோசித்துப் போடச் சொன்னது. அமெரிக்கா ஆகஸ்டில் உரிமத்தையே நிறுத்தி வைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு வெப்பம் தாங்காத அந்தப் பழைய வைரஸ்கள்தான் ஞாபகம் வந்தன. 30 டிகிரியில் ஒரு பிறழ்வு செய்வது வேறு, 40 டிகிரியில் செய்வது வேறு. எந்தச் சூழலில் வைத்துச் சோதித்தோமோ, அந்தச் சூழலைப் பற்றி மட்டும்தான் அது உண்மை சொல்லும். எங்கள் தொழிலில் புரோகிராமர் சொல்லும் பழைய சாக்கு ஒன்று உண்டு: "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது!" அமெரிக்கச் சோதனையில் கலந்துகொண்டவர்களில் 65 வயதைத் தாண்டியவர்கள் சிறு பகுதிதான். அங்கே சிக்குன்குனியா பரவலும் இல்லை. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் என்று நாலைந்து மாத்திரையோடு வாழும் 85 வயது உடம்பு இன்னொரு மெஷின். அந்த 60 அமினோ அமிலங்களை வெட்டியது அங்கே என்ன செய்யும் என்பது தீவில்தான் தெரிந்தது. அந்தப் பாடத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் தீவின் கிழவர்களும் கிழவிகளும்.

அதற்காக ஊசியே சதி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். லாச்சப்பல் தேநீர்க் கடைகளில் "வைரஸை மாத்துறவன் நாளைக்குக் கெட்டதாயும் மாத்துவான்" என்ற பேச்சு நிறையக் காதில் விழுகிறது. அதில் பாதி நியாயம் உண்டு. 2012-ல் பறவைக் காய்ச்சல் வைரஸைக் காற்றில் பரவும்படி மாற்றிய சோதனைகள் மீது சர்ச்சை எழுந்து, அந்தத் துறை ஆராய்ச்சியாளர்களே வேலையை நிறுத்தி வைத்தார்கள். புதுத் திறன் கொடுக்கும் மாற்றத்துக்குக் கடிவாளம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் நான் மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலும் எதிர்த்திசையில் போனவை. ஓடும் வைரஸை முடமாக்கி, எது முடங்கியது என்று பார்ப்பவை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டால், அடுத்த மருந்துக்கான வழியை நாமே அடைக்கிறோம். சிக்குன்குனியாவுக்கு இன்றுவரை வைரஸைக் குறிவைக்கும் மருந்து ஒன்றுகூட அனுமதி பெறவில்லை. என் அம்மாவுக்கு 2006-ல் கிடைத்த அதே பாராசிட்டமால்தான் இன்றைக்கும்.

நான் கேட்பது வேறு. இந்த நோய் வாழ்வது மதுரையில், யாழ்ப்பாணத்தில், கொழும்பில், ரெயூனியோனில். ஊசியைச் சோதிப்பது நோய் இல்லாத ஊரில், பெரும்பாலும் ஆரோக்கியமான ஆட்களிடம். இந்த இடைவெளியை மூட வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும், நம் முதியவர்களை, அவர்களின் முழு ஒப்புதலோடு, படிப்படியாக, கண்காணிப்போடு சோதனைகளில் சேர்க்க வேண்டும். "வயசானவங்கள எதுக்கு" என்று பாதுகாப்பதாக நினைத்து ஒதுக்கினால், கடைசியில் அவர்கள் மேல்தான் சோதனையே இல்லாமல் பிரயோகம் நடக்கும். உயிருள்ள வைரஸ் இல்லாத, வெறும் சட்டையை மட்டும் வைத்துச் செய்த விம்குன்யா என்ற இன்னொரு ஊசிக்கும் 2025-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. அதில் நகலெடுக்கும் புரதம் எதுவும் கிடையாது. அதையும் நம் ஊர் உடம்புகளில் வைத்துப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

இது ஊர்க் கவலை மட்டும் இல்லை. 2025-ல் பிரான்ஸ் பெருநிலத்திலேயே, வெளிநாடு போகாத 700 பேருக்கு மேல் சிக்குன்குனியா வந்திருக்கிறது. புலிக்கொசு பாரிஸ் வட்டாரத்திலும் குடியேறிவிட்டது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஆகஸ்டில் காய்ச்சலோடு திரும்பும் ஒவ்வொருவரும், பால்கனிப் பூத்தொட்டித் தட்டில் தண்ணீர் விட்டுவைத்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து யோசிக்க வேண்டிய காலம்.

கடைசியில் அண்ணனிடம் சொன்னது

மூன்று வாரம் கழித்துக் கடைக்குப் போனேன். இவ்வளவையும் கல்லாவில் நின்று சொல்ல முடியுமா? ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணா, 2006-ல அம்மாவுக்கு வந்தது சிக்குன்குனியாதானா?"

"ஆருக்குத் தெரியும் தம்பி? ஊரே கிடந்தது. ஒருத்தரும் ரத்தம் எடுக்கேல்லை."

ஒரு முறை வந்தால் உடம்பு அதை நெடுங்காலம் மறப்பதில்லை, பொதுவாக மறுபடி வருவதில்லை. அந்த ஞாபகம் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளாக இருக்கிறதா என்று ஒரு சோதனையில் பார்க்கலாம். ஊசியா, வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன் இதை அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

போன ஞாயிறு காய் வாங்கப் போனபோது அவரே கூப்பிட்டார். "தம்பி, அம்மான்ர ரத்தத்தில கிடக்காம். பத்தொன்பது வருஷமாக் கிடக்குதாம். ஊசி தேவையில்லை எண்டு டொக்டர் சொல்லிப் போட்டார்." அம்மா ஜனவரியில் போகிறார். டெங்குக்குப் பயந்து கொசு வலையும், முழுக்கைச் சட்டையும் பெட்டியில் வைத்தாயிற்றாம். எனக்கு ஒரு கட்டு முருங்கைக்காயை அண்ணன் காசு வாங்காமல் கொடுத்தார். அன்று இரவு மதுரைக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் விரலெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இப்ப என்னடா திடீர்னு?" என்றாள்.